மன்னார் எரிவாயு, பெற்றோல் கூட்டுத்தாபனம், நம் பங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்க் கடலில் எரிவாயு இருக்கிறது, அதை எடுத்தால் நாட்டின் கடன் எல்லாம் தீரும் என்ற பேச்சு வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து பாராளுமன்றம் வரைக்கும் அடிக்கடி வந்து போகிறது. 2022இல் பெற்றோல் செட் வாசலில் இரவு முழுக்க நின்றவர்களுக்கு அந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்யும். ஆனால் எடுத்தால் யாருக்கு எவ்வளவு என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எண்ணெய் அரசுக்குச் சொந்தமா தனியாருக்குச் சொந்தமா என்பதைவிட, காசு எந்தக் கணக்கில் விழுகிறது, அந்தக் கணக்கை யார் திறந்து பார்க்கலாம் என்பதில்தான் ஊருக்கு வரும் நன்மை இருக்கிறது.

தேசிய எண்ணெய் நிறுவனம் என்றால் என்ன? நமது கூட்டுத்தாபனமும் அதுதானே?

பெயரளவில் ஆம். அரசு முழுதாகவோ பெரும்பங்காகவோ வைத்திருக்கும் எண்ணெய் நிறுவனம் என்றால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் அந்தப் பட்டியலில்தான் வரும். உலகில் எடுக்கப்படும் எண்ணெயிலும் எரிவாயுவிலும் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட நிறுவனங்களின் கையில்தான் இருக்கிறது: சவூதியின் அராம்கோ, மலேசியாவின் பெற்றோனாஸ், இந்தியாவின் ஓ.என்.ஜி.சி., நோர்வேயின் எக்குவினோர் என்று போகும்.

வித்தியாசம் என்னவென்றால் அவர்கள் நிலத்திலிருந்து எடுத்து விற்கிறவர்கள், நம்முடையது வாங்கி வந்து சுத்திகரித்து விற்கிறது. அராம்கோவுக்கு உலக விலை ஏறினால் கொண்டாட்டம், நமக்கு ஏறினால் டொலர் தேடி ஓட வேண்டும். சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் 1969இல் ஈரானிய மசகு எண்ணெயை மனதில் வைத்துக் கட்டப்பட்டது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 50,000 பீப்பாய் கொள்ளளவு. 2021 நவம்பரில் மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் அதையே மூட வேண்டி வந்தது. ஈரானுக்குக் கொடுக்க வேண்டிய பழைய கடன் 251 மில்லியன் டொலரைத் தேயிலை அனுப்பித் தீர்க்க அதே வருட டிசம்பரில் உடன்பாடு செய்தோம். எண்ணெய் நிறுவனம் இருந்தால் எண்ணெய் வளம் இருப்பதாக அர்த்தமில்லை.

அப்படியென்றால் 1960களில் ஏன் தேசியமயமாக்கினார்கள்?

அப்போது ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் மூன்றும்தான் சந்தையை வைத்திருந்தன. 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டுத்தாபனம் பிறந்தது. சோவியத் ஒன்றியத்திலிருந்து மலிவாக எண்ணெய் வாங்கலாம் என்பது ஒரு பெரிய காரணம். மூன்று நிறுவனங்களின் சொத்துகளில் ஒரு பகுதியை எடுத்தார்கள், நட்டஈட்டுப் பேச்சு இழுபட்டது, 1963 பெப்ரவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. 1964 தொடக்கத்தில் இறக்குமதி, விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் ஏகபோகமானது. நட்டஈடு 1965இல் டட்லி சேனநாயக்க அரசு வந்த பிறகுதான் தீர்ந்தது.

சரி, இலங்கையில் உண்மையிலேயே எண்ணெய் இருக்கிறதா?

எரிவாயு இருக்கிறது என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். 1970களின் நடுப்பகுதியில் சோவியத் உதவியோடு பேசாலையில் கிணறு தோண்டினார்கள், பிறகு பாக்கு நீரிணையில் வெளிநாட்டு நிறுவனங்கள் தோண்டின, விற்கிற அளவுக்கு ஒன்றும் அகப்படவில்லை. 2008இல் இந்தியாவின் கேர்ன் நிறுவனத்தோடு மன்னார்ப் படுகையின் ஒரு தொகுதிக்கு ஒப்பந்தம் எழுதப்பட்டது. 2011இல் டொராடோ, பராக்குடா என்ற இரண்டு கிணறுகளில் எரிவாயு அகப்பட்டது. கடல் ஆழமே அங்கே 1,300 மீற்றருக்கு மேல், கிணறு அதற்கும் கீழே. வேறு கிணறுகள் வெறுமையாகப் போயின. 2015இல் கேர்ன் விலகியது. அதன் பிறகு அந்த எரிவாயு எடுக்கப்படவில்லை.

ஆழ்கடலில் எரிவாயு எடுப்பதற்கு ஆகும் செலவு பெரியது, வாங்குகிறவரும் தயாராக இருக்க வேண்டும். எண்ணெயைக் கப்பலில் ஏற்றி யாருக்கும் விற்கலாம். எரிவாயுவுக்குக் குழாய் வேண்டும், அல்லது குளிரூட்டித் திரவமாக்கும் ஆலை வேண்டும். “வெளிநாட்டுக்காரன் நம்மை முன்னேற விடமாட்டான்” என்ற கதையை நம்புவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

எடுத்தால் அரசுக்குக் காசு எப்படி வரும்?

பொதுவாக நாலு வழி. ரோயல்டி என்பது எடுத்த ஒவ்வொரு பீப்பாய்க்கும் முதலிலேயே வெட்டிக் கொடுப்பது. பிறகு நிறுவனம் தன் செலவைக் கழித்துக்கொள்ளும், அதற்குச் செலவு மீட்பு என்று பெயர். மிச்சம்தான் இலாப எண்ணெய், அதை அரசும் நிறுவனமும் பங்கிடும். அதற்கு மேல் வருமான வரி. தேசிய நிறுவனத்துக்குப் பங்கு இருந்தால் அந்த இலாபமும் சேரும்.

காகிதத்தில் அழகாக இருக்கும். தென் அமெரிக்காவின் சிறிய நாடான கயானாவைப் பாருங்கள். 2015இல் எக்ஸொன் அங்கே பெரிய எண்ணெய் வயலைக் கண்டுபிடித்தது. அடுத்த வருடம் எழுதிய ஒப்பந்தத்தில் ரோயல்டி 2 சதவீதம், மாத வருமானத்தில் 75 சதவீதம் வரை செலவு மீட்பு, மிச்சம் ஆளுக்குப் பாதி. அதாவது 100 டொலர் எண்ணெய் விற்றால் செலவு உச்சத்தில் இருக்கும் காலத்தில் அரசுக்கு 12.50 டொலரும் ரோயல்டி 2 டொலரும், மொத்தம் 14.50. நிறுவனத்தின் வருமான வரியையும் அரசு தன் பங்கிலிருந்தே கட்டியதாகக் கணக்கு. பிறகு வந்த ஒப்பந்த மாதிரியில் ரோயல்டியை 10 சதவீதமாக்கினார்கள், செலவு மீட்பை 65 ஆகக் குறைத்தார்கள், ஆனால் முதல் ஒப்பந்தம் அப்படியே நிற்கிறது. அவசரத்தில் கையெழுத்து வைக்கும் நாட்டுக்குப் பேரம் பேசும் பலம் இருக்காது. கடன் நெருக்கடியில் இருக்கும் நாமும் அந்த நிலையில்தான் மேசைக்குப் போவோம் என்பதுதான் எனக்குள்ள பயம்.

அப்புறம் அந்தச் செலவு மீட்பு. நிறுவனம் காட்டும் செலவு உண்மையா என்று பார்க்கத் தெரிந்த கணக்காளர்களும் பொறியியலாளர்களும் அரசிடம் இல்லாவிட்டால், ரோயல்டி எத்தனை சதவீதமாக இருந்தாலும் காசு அந்த ஓட்டையால் போய்விடும்.

அதில் மன்னாருக்கு எவ்வளவு?

இப்போதைய சட்டப்படி மன்னாருக்கென்று தனியாக எதுவும் எழுதப்படவில்லை. 13ஆவது திருத்தத்தின் அட்டவணையில் பெற்றோலியம் மத்திய அரசுக்கு ஒதுக்கப்பட்ட பட்டியலில்தான் இருக்கிறது. உரிமம் கொடுப்பது, ஒப்பந்தம் பேசுவது எல்லாம் 2021ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பெற்றோலிய வளச் சட்டத்தின் கீழ் கொழும்பில் நடக்கும். வட மாகாண சபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மாறாது.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கமும் நிலைமை கிட்டத்தட்ட இதுதான். நாகப்பட்டினம், திருவாரூர்ப் பக்கம் ஓ.என்.ஜி.சி. பல வருடமாக எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிறது. தரையில் எடுத்தால் ரோயல்டி தமிழ்நாட்டு அரசுக்கு, கடலில் எடுத்தால் டெல்லிக்கு. ஊராட்சிக்கு நேரடியாக வருவது அற்பம். 2017இல் எரிவாயு எடுக்கும் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் மக்கள் தெருவுக்கு வந்ததற்கு விவசாயம் போய்விடும் என்ற பயம் முதல் காரணம், “எங்களுக்கு என்ன மிச்சம்” என்ற கேள்வியும் அதற்குள் இருந்தது. 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டார்கள்.

எடுக்கும் இடத்துக்குப் பங்கு என்று சட்டத்தில் எழுதினால் போதுமா? மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சட்டம் எண்ணெய் முழுவதையும் பெற்றோனாசுக்குக் கொடுத்தது, பதிலுக்கு மாநிலங்களுக்கு 5 சதவீதம். 1999 தேர்தலில் திரங்கானு மாநிலம் எதிர்க்கட்சியான பாஸ் கட்சியின் கைக்குப் போனது. அடுத்த வருடமே மத்திய அரசு அந்த 5 சதவீதத்தை மாநில அரசுக்குக் கொடுப்பதை நிறுத்தி, “நல்லெண்ணப் பணம்” என்ற பெயரில் தன் சொந்த நிர்வாகத்தின் வழியாகச் செலவழித்தது. பல வருடம் அப்படியே போனது. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் இது நடக்காது என்று யாராவது சத்தியம் செய்வார்களா?

நைஜீரியா இன்னொரு பாடம். 1999 அரசியலமைப்பில் எண்ணெய் வருமானத்தில் குறைந்தது 13 சதவீதம் அது எடுக்கப்பட்ட மாநிலங்களுக்கு என்று எழுதியிருக்கிறார்கள். காசு வந்தது, ஆனால் மாநில ஆளுநர் மாளிகை வரைக்கும்தான் வந்தது. எண்ணெய் மாநிலமான பயெல்சாவின் ஆளுநர் 2005இல் பணச் சலவைக் குற்றச்சாட்டில் இலண்டனில் கைதானார். 1956இல் அந்த நாட்டில் விற்கிற அளவுக்கு எண்ணெய் அகப்பட்ட முதல் கிணறு தோண்டிய ஒலோயிபிரி ஊரும் அதே பயெல்சாவில்தான் இருக்கிறது, எண்ணெய் வற்றி, கம்பனி போய், கிணறு மட்டும் துருப்பிடித்து நிற்கிறது. கடைசியில் 2021இல் புதிய சட்டம் போட்டு, நிறுவனங்கள் வருடாந்த இயக்கச் செலவில் 3 சதவீதத்தை அந்தந்த ஊர் நம்பிக்கை நிதியத்துக்குக் கட்ட வேண்டும் என்றார்கள். எனக்கு இந்தக் கடைசி வழி பிடித்திருக்கிறது, ஏனென்றால் அதில் காசு ஊரின் பெயரிலேயே விழுகிறது.

வேலை கிடைக்குமா? மன்னார்ப் பிள்ளைகள் படித்துவிட்டு இருக்கிறார்கள்.

நேரடி வேலை மிகக் குறைவாகத்தான் கிடைக்கும். இதில் யாரும் ஆசை காட்டக் கூடாது. 2011இல் மன்னாரில் தோண்டியது ‘சிக்கியு’ என்ற ஜப்பானிய ஆய்வுத் துளையிடும் கப்பல். ஆட்கள் அதோடு வந்தார்கள், அதோடு போனார்கள். எண்ணெய்த் துறையில் பில்லியன் கணக்கில் முதலீடு போனாலும் ஆள் எண்ணிக்கை ஒரு நடுத்தர ஆடைத் தொழிற்சாலையைத் தாண்டாமல் இருக்கலாம்.

காசு கிடைப்பது சுற்றுவட்ட வேலையில். கப்பலுக்குச் சாப்பாடு, தண்ணீர், வெல்டிங், இயந்திரம் திருத்துதல், சிறு படகு, காவல், களஞ்சியம், சுங்க வேலை, கழிவு அகற்றல். இதெல்லாம் எந்தத் துறைமுகத்தில் இருந்து நடக்கிறது என்பதுதான் கேள்வி. தளம் கொழும்புத் துறைமுகமென்றால் அந்தக் காசு முழுக்க மட்டக்குளிக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வரும், பேசாலைக்கு வராது. ஆழமான துறைமுகம் மன்னாரில் இல்லாததால் அப்படித்தான் நடக்க வாய்ப்பு அதிகம்.

சில நாடுகள் இதைச் சட்டத்தால் கட்டின. கயானா 2021இல் உள்ளூர் உள்ளடக்கச் சட்டம் கொண்டுவந்து 40 வகைச் சேவைகளில் உள்நாட்டு நிறுவனங்களுக்கு இத்தனை சதவீதம் என்று ஒதுக்கியது. உடனே இன்னொரு வியாபாரம் தொடங்கியது: வெளிநாட்டுக் கம்பனி ஒரு உள்ளூர்க்காரரின் பெயரை வாடகைக்கு எடுத்து உள்ளூர்க் கம்பனி ஆகிவிடுவது. நம் ஊரில் டெண்டர் அனுபவம் உள்ள எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. சட்டத்தில் “உள்ளூர்” என்றால் யார், இலங்கைப் பிரஜையா, வட மாகாணத்தில் பதிந்த கம்பனியா, மன்னார் மாவட்டத்தில் குடியிருப்பவரா என்று எழுதாவிட்டால் கொழும்பில் அலுவலகம் வைத்திருக்கிறவர்தான் வெல்வார்.

பயிற்சியும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் புவி வளப் பொறியியல் துறை இருக்கிறது, வளைகுடா எண்ணெய் வயல்களில் வேலை செய்து திரும்பிய வெல்டர்களும் மேற்பார்வையாளர்களும் நாடு முழுக்க இருக்கிறார்கள். கடல் நடுவே வேலை செய்வதற்கான சான்றிதழ் இல்லாமல் யாரையும் எண்ணெய் மேடையில் ஏற்றமாட்டார்கள், தொழிலில் தேர்ச்சி பெறவோ வருடங்கள் ஆகும். ஒப்பந்தம் எழுதிய பிறகு வகுப்புத் தொடங்கினால் கப்பல் போய்விட்டிருக்கும்.

நோர்வே மாதிரிச் செய்ய முடியாதா?

எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். நோர்வேயில் 1969இல் எக்கோபிஸ்க் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 1972இல் ஸ்டாட்டொயில் (இன்றைய எக்குவினோர்) என்ற அரச நிறுவனத்தையும், அதற்குச் சம்பந்தமே இல்லாத தனி மேற்பார்வை அமைப்பையும் ஒன்றாக உருவாக்கினார்கள். இரண்டையும் தலைநகரில் வைக்காமல் மீன் பேணியில் அடைக்கும் தொழில் தேய்ந்துகொண்டிருந்த ஸ்டவாங்கர் நகரத்தில் வைத்தார்கள். அந்த ஊர்தான் இன்று நாட்டின் எண்ணெய்த் தலைநகரம். அந்த அமைப்பைக் கட்டியவர்களில் முக்கியமான ஒருவர் ஈராக்கிலிருந்து போன புவியியலாளர் பாரூக் அல்-காசிம், எண்ணெய் நாட்டு அனுபவம் உள்ளவரை வெளியிலிருந்து வந்தவர் என்று பாராமல் பயன்படுத்தினார்கள்.

நிறுவனங்கள் கட்டும் வரி 78 சதவீதம். அரசுக்கு வரும் எண்ணெய் வருமானம் எதிர்காலத்துக்கான ஒரு சேமிப்பு நிதியத்துக்குப் போகிறது. 1996இல்தான் முதல் காசு போட்டார்கள், இப்போது அது ஒன்றரை ட்ரில்லியன் டொலரைத் தாண்டிவிட்டது. வருடத்துக்கு நிதியத்தின் எதிர்பார்க்கப்படும் வருமானமான 3 சதவீத அளவே செலவுக்கு.

ஆனால் நோர்வேயிடம் எண்ணெய் வரும்போதே கப்பல் கட்டும் தளமும் நீர்மின்சாரமும் நம்பத் தகுந்த நிர்வாகமும் இருந்தன, தலைக்கு மேல் கடன் இருக்கவில்லை. ஆண்டுக் கடன் தவணைக்கே திண்டாடும் நாடு எரிவாயுக் காசை நிதியத்தில் போட்டு வைப்பேன் என்பது நடக்கிற காரியமா? அவர்களிடமிருந்து நான் எடுக்கச் சொல்வது ஒன்றைத்தான்: எடுக்கிறவனும் கண்காணிக்கிறவனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அந்த அளவில் 2021 சட்டம் கூட்டுத்தாபனத்துக்கு வெளியே தனியாக ஒரு பெற்றோலிய அபிவிருத்தி அதிகார சபையை அமைத்தது நல்ல தொடக்கம். அமைச்சரின் தொலைபேசிக்குக் கட்டுப்படாமல் அது இருக்குமா என்பது வேறு கதை.

அரச நிறுவனம் என்றாலே நட்டம்தானே? தனியாருக்கே கொடுத்துவிடலாமே?

கோபம் நியாயம். கூட்டுத்தாபனத்தின் வரலாற்றில் 2007, 2008 விலைக் காப்பு ஒப்பந்தங்களை மறக்க முடியாது. எண்ணெய் விலை ஏறினால் வங்கிகள் ஒரு எல்லை வரைதான் கொடுக்கும், இறங்கினால் நாம் எல்லையில்லாமல் கொடுக்க வேண்டும் என்ற மாதிரி அமைந்தவை. 2008 ஜூலையில் பீப்பாய் 147 டொலர் வரை போன விலை டிசம்பரில் 40க்குக் கீழே விழுந்தது. பணம் கட்டுவது நிறுத்தப்பட்டது, வழக்கு சர்வதேசத் தீர்ப்பாயம் வரை போய், டொய்ச் வங்கிக்கு மட்டும் 60 மில்லியன் டொலரும் வட்டியும் கொடுக்க வேண்டும் என்று 2012இல் முடிவானது.

அதே சமயம் நட்டத்தில் பெரும் பகுதி நிறுவனத்தின் திறமையின்மை இல்லை. தேர்தல் வந்தால் விலையைக் குறை, மின்சார சபைக்குக் கடனுக்குக் கொடு, அரச வங்கியில் கடன் வாங்கு என்று அரசாங்கங்கள் தங்கள் வரவு செலவுத் திட்டத்தில் காட்ட விரும்பாததை எல்லாம் கூட்டுத்தாபனத்தின் கணக்கில் எழுதி வைத்தன. பின்னர் அதன் டொலர்க் கடனைத் திறைசேரியே ஏற்க வேண்டி வந்தது, அதாவது நீங்களும் நானும்.

இதே நோயின் பெரிய வடிவம் வெனிசுவேலா. அரச நிறுவனத்தைச் சமூகத் திட்டங்களின் பணப்பெட்டியாக்கி, 2002, 2003 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 18,000 பேரளவில் வேலையை விட்டு நீக்கி, கிணறுகளைப் பராமரிக்கக் காசோ ஆளோ இல்லாமல் ஆக்கினார்கள். ஆனால் கயானாவில் தேசிய எண்ணெய் நிறுவனமே இல்லை, தனியார்தான் எடுக்கிறார்கள், பேரம் எப்படி முடிந்ததென்று மேலே பார்த்தோம். தனியாரிடம் கொடுத்தாலும் அவர்களோடு பேசத் தெரிந்த ஆள் அரசிடம் வேண்டும்.

மன்னார் கேஸ் வந்தால் கொழும்பில் சிலிண்டர் விலை குறையுமா?

குறையாது. சமையல் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன், அதை அந்தச் சிலிண்டரில் அடைக்க முடியாது. அது போக வேண்டிய இடம் கெரவலப்பிட்டிய மின் நிலையங்கள். அங்கே டீசலுக்கும் உலை எண்ணெய்க்கும் பதிலாக எரித்தால் மின்சாரச் செலவு இறங்கலாம்.

அம்பாந்தோட்டையில் சினோபெக், திருகோணமலையில் தாங்கிகள்: இதில் உள்ளூருக்கு என்ன?

சீன அரச எண்ணெய் நிறுவனமான சினோபெக்கோடு 2025 ஜனவரியில் 3.7 பில்லியன் டொலர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு உடன்பாடு கையெழுத்தானது, நாளுக்கு 200,000 பீப்பாய், சப்புகஸ்கந்தவைப் போல நாலு மடங்கு. பெரும்பகுதி ஏற்றுமதிக்கு என்பதால் இங்கே விலை இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நில வாடகை, வரிச் சலுகை எத்தனை வருடம், உள்நாட்டுச் சந்தையில் எவ்வளவு விற்கலாம் என்பவைதான் பார்க்க வேண்டியவை.

திருகோணமலையில் பிரிட்டிஷார் கட்டிய தாங்கிகளை 2022 ஜனவரியில் பிரித்தார்கள்: இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, கூட்டுத்தாபனத்துக்கு 24, கூட்டுத்தாபனத்துக்கு 51 சதவீதப் பங்குள்ள கூட்டுக் கம்பனிக்கு 61. எண்ணெய் சேமிக்கும் இடத்தில் ஆள் தேவை குறைவு, அதனால் ஊருக்கு வேலையாக வருவதும் குறைவுதான்.

கடற்றொழிலாளர்களுக்கு என்ன ஆகும்?

ஒலி அலை அனுப்பிக் கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் நில அதிர்வு ஆய்வுக் கப்பல் வரும்போது வலையை எடுக்கச் சொல்வார்கள். மேடை அமைத்தால் சுற்றிலும் 500 மீற்றர் வரை யாரும் போக முடியாத வளையம் வரும். ஆழ்கடல் என்பதால் சிறு படகுகளுக்கு அந்த வளையம் நேரடியாகப் பாதிப்பு இல்லை, ஆனால் கரைக்கு வரும் குழாயும் போக்குவரத்துக் கப்பல்களும் அவர்கள் வலை விரிக்கும் இடத்தின் வழியாகத்தான் வரும். ஏற்கெனவே இந்திய இழுவைப் படகுகளோடு மல்லுக்கட்டும் மக்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ஆனபோது படகை இழுத்துக் கரையில் வைத்தவர்களும் இவர்கள்தான்.

விபத்து நடந்தால் நட்டஈடு எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் 2021இல் கொழும்புக்கு வெளியே எரிந்தது, ஒரு பில்லியன் டொலர் கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2025 ஜூலையில். சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் 2019இல் 20 மில்லியன் ரூபா நட்டஈட்டுத் தீர்ப்பு வந்தது, அதை எத்தனை குடும்பங்களால் வகுப்பது என்று பாருங்கள். ஆகவே மன்னாரில் கிணறு தோண்டும் முன்பே கம்பனியிடம் வைப்புப் பணம் வாங்கி, நட்டஈட்டு விகிதத்தைக் கடற்றொழிலாளர் சங்கங்களோடு பேசி எழுதிவைக்க வேண்டும். எண்ணெய் சிந்திய பிறகு பேசுகிறவனுக்குப் பலம் இருக்காது.

இந்த ஒப்பந்தங்களை நாங்கள் பார்க்க முடியுமா?

கயானா மக்கள் தங்கள் ஒப்பந்தத்தை 2017 டிசம்பரில்தான் முழுதாகப் படித்தார்கள், அது கையெழுத்தாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு. படித்த பிறகுதான் 2 சதவீதச் சண்டையே பெரிதாக எழுந்தது. கானாவில் 2011ஆம் ஆண்டின் சட்டம் எண்ணெய் வருமானம் எங்கே போகிறது என்று பார்க்கப் பொதுமக்கள் குழு ஒன்றை அமைத்தது, அது அறிக்கை வெளியிடுகிறது, அரசோடு முட்டவும் செய்கிறது.

இங்கே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வர்த்தக இரகசியம் என்று மறுக்கலாம், ஆனால் பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கத்தான் வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் மேன்முறையீடு, பிறகு ஆணைக்குழு. செலவு மீட்பின் எல்லை எத்தனை சதவீதம், ரோயல்டி எவ்வளவு, உள்ளூர்க் கொள்வனவு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று மூன்று கேள்வியோடு தொடங்குங்கள். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.